சின்ன சிபியு வாங்கியவளின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் 'மினி பிசி' எனப்படும் கையகலக் கணினிகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை, கடையில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்காகச் சத்தமாக. மேசையில் இடம் மிச்சம், பார்க்க அழகு, டிவிக்குப் பின்னால் மாட்டிவிடலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். எல்லாம் சரி. ஆனால் அப்படி மூன்று பெட்டி வாங்கி, ஒன்றைச் சாகடித்துவிட்டு, மற்ற இரண்டை வைத்துப் பிழைப்பு நடத்துகிற எனக்கு, அவர் எழுதாமல் விட்டதுதான் பெரிதாகத் தெரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் திருத்துறைப்பூண்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் இருப்பதுதான் ஜெராக்ஸ், சோறு போடுவது கணினி. வில்லங்கம் போட்டுப் பார்க்க, பட்டா சிட்டா எடுக்க, வாரிசுச் சான்றுக்கும் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் விண்ணப்பிக்க, பத்திர எழுத்தர்களுக்கு வாசகம் அடித்துக் கொடுக்க என்று காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் இரவு எட்டு வரை கணினி ஓடும். பொதுச் சேவை மைய உரிமமும் இருப்பதால் நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் உயிர்வாழ்வுச் சான்றுக்கு வரிசையில் நிற்பார்கள். 1998இல் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு ஒரு டிடிபி சென்டரில் சேர்ந்தேன். அன்றைக்கு என் காலடிக்கு வந்த பெரிய பெட்டி போன வருடம் வரை அங்கேயேதான் இருந்தது. விவரம் தெரிந்தவர்கள் கேபினட் என்பார்கள், டவர் என்பார்கள். எங்களுக்கு அது சிபியு. இப்போது வந்திருப்பது சின்ன சிபியு, அவ்வளவுதான்.

மாற்றியது ஆசைப்பட்டு அல்ல. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு கடையைக் கட்டியது. காசு கட்டியோ வேறு வழியிலோ இன்னும் ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் வாங்கலாம் என்றார்கள். அதற்கப்புறம்? என் மூன்று கணினியும் 2014இல் வாங்கியவை, இன்டெலின் நாலாம் தலைமுறை ஐ3 பிராசசர். விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் ஏற்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் கேட்கும். "குறுக்கு வழியில ஏத்திடலாங்க்கா" என்றான் சர்வீஸ் தம்பி. ஊரில் பாதிப் பேருடைய ஆதார் அட்டை என் கணினி வழியாகத்தான் போகிறது. எனக்குத் தைரியம் வரவில்லை.

இடம் மிச்சம் என்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் கடை மேசையில் மானிட்டர், ஜெராக்ஸும் பிரிண்டும் எடுக்கிற இயந்திரம், ஸ்கேனர், லேமினேஷன் மெஷின், அப்புறம் ஒரு தேங்காய் எண்ணெய் டப்பா நிறையக் குண்டூசி. சிபியு என்றைக்கும் மேசை மேல் இருந்ததில்லை, கீழேதான் கிடந்தது. ஆகவே எனக்கு மேசையில் ஒரு சாண் இடம்கூட மிச்சமாகவில்லை. காலை நீட்ட முடிகிறது, அது உண்மை.

கீழே கிடந்த பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொன்னால் ஏன் சந்தோஷப்படுகிறேன் என்று புரியும். வருடத்துக்கு ஒரு தரம், பொங்கலுக்கு முன்னால், ஒவ்வொன்றாகத் தெருவுக்குத் தூக்கிப்போய்ப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி புளோயரால் ஊதுவோம். பிராசசர் மேலிருக்கும் காற்றாடியின் இறக்கைகளுக்கிடையில் கம்பளி போலத் தூசி திரண்டிருக்கும். ஒரு வருடம் பவர் சப்ளைக்குள் குட்டிப் பல்லி ஒன்று கருகிக் காகிதமாக ஒட்டியிருந்தது. அன்று காலை 'டப்' என்று ஒரு சத்தத்தோடு அணைந்த இயந்திரம் அது. இன்னொன்றில் சிற்றெறும்பு முட்டைபோட்டுக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. சின்னப் பெட்டிக்கும் காற்று போகத் துளை உண்டு, உள்ளே காற்றாடியும் உண்டு. ஆனால் அது தரையில் இல்லை. மானிட்டருக்குப் பக்கத்தில், பல்லி துரத்தப்படும் உயரத்தில் இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையில் யுபிஎஸ் என்ற சொல்லே இல்லை.

எங்கள் பக்கம் 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததைப் பார்த்தது. அப்போது நாங்கள் கரண்ட் இல்லாமல் கிடந்தது தனிக்கதை, அதற்கு எந்த யுபிஎஸ்ஸும் உதவாது. நான் சொல்வது சாதாரண நாட்களை. மழை இருட்டினால் போகும், மரக்கிளை வெட்டினால் போகும், பராமரிப்பு என்று போகும். பத்து நிமிடமோ அரை மணியோ கழித்து வந்துவிடும். அந்தப் பத்து நிமிடம்தான் எங்களைக் கொல்லும். வாரிசுச் சான்று விண்ணப்பத்தில் எல்லாத் தாளையும் ஸ்கேன் செய்து, அளவைக் குறைத்து, ஒவ்வொன்றாக ஏற்றி, ஓடிபி வந்து, பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்போது கணினி அணைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மன்னார்குடிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர். பணம் போயிற்றா இல்லையா என்ற கேள்வி வேறு.

கடையில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு 600 விஏ யுபிஎஸ். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. போன வருடம் பிளக்கில் செருகி வாட் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கினேன். பழைய சிபியு சாதாரண வேலையில் 48 வாட் இழுத்தது, மானிட்டர் 16. இப்போது கடையில் ஓடும் சின்னப் பெட்டி அதே வேலைக்கு 12 வாட். ஆன் செய்யும்போதும் அப்டேட் ஓடும்போதும் 35, 40 வரை ஏறி இறங்கும். இரண்டு வருடம் பழகிய பேட்டரி பழைய சிபியுவை 11 நிமிடம் தாங்கியது. அதே பேட்டரி, அதே மானிட்டர், சின்னப் பெட்டியை 34 நிமிடம் தாங்கியது. கடைப் பெண்தான் கைபேசியில் நேரம் பார்த்தாள். நான் நம்பாமல் மறுநாள் பிளக்கைப் பிடுங்கி இன்னொரு தரம் பார்த்தேன். ஒரு நிமிடம் குறைந்தது.

அந்த 34 நிமிடத்துக்காகத்தான் நான் காசு கொடுத்தேன் என்று இப்போது தெரிகிறது. வாங்கும்போது தெரியாது.

கரண்ட் பில்லிலும் குறைந்தது, ஆனால் அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஒரு இயந்திரத்துக்கு 36 வாட் குறைவு, நாளைக்கு பத்தரை மணி நேரம், மாதம் 26 நாள். கிட்டத்தட்ட 10 யூனிட். இரண்டுக்கு 20. வணிக இணைப்பில் யூனிட் பத்து ரூபாயை ஒட்டி வருகிறது, ஆக மாதம் இருநூறு ரூபாய். டீச் செலவுக்கு ஆகும். சில விற்பனையாளர்கள் இதை வைத்தே 'ஒரு வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும்' என்கிறார்கள். திரும்பாது.

இன்னொன்று. கட்டுரையில் இன்டெல் என்100 பிராசசர் போட்ட பெட்டியை '6 வாட் கணினி' என்று போட்டிருந்தீர்கள். அந்த ஆறு, பிராசசருக்கு மட்டும் கம்பெனி போடுகிற கணக்கு. ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் இடம்), வைஃபை, காற்றாடி, அடாப்டரில் வீணாவது எல்லாம் சேர்த்துப் பிளக்கில் அளந்தால் சும்மா இருக்கும்போது 8, கடுமையாக வேலை செய்யும்போது 18, 20. அதுவும் குறைவுதான், ஆனால் ஆறு இல்லை. என்100 2023இல் வந்தது, நாலு கோர். பத்திரம் அடிக்க, பிரவுசர் பார்க்க, வீட்டில் பிள்ளைகள் பாடம் கேட்கத் தாராளம். நான் முதலில் வாங்கியது அதுதான், பெயர் கேள்விப்படாத கம்பெனி, 15,500 ரூபாய். வீட்டில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்கு வாங்கலாம் என்று திட்டம்.

அந்தத் திட்டம் எப்படி முடிந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது யாருக்கும் நடக்கலாம். பெட்டிக்குள் பவர் சப்ளை கிடையாது, லேப்டாப் போல வெளியே ஒரு அடாப்டர். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் இரண்டு மாதம் அதில் படித்தாள். ஒரு நாள் அதன் அடாப்டரை டிவி மேசையிலிருந்து யாரோ எடுத்து எங்கேயோ வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பரணிலிருந்து பழைய லேப்டாப் அடாப்டர் ஒன்றைத் தேடி எடுத்து, "இது பொருந்துதும்மா" என்று செருகினார். அச்சாகப் பொருந்தியது. நீல விளக்கு எரிந்தது. மகள் "வந்துடுச்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் அணைந்தது. லேசாகப் பிளாஸ்டிக் தீயும் வாசனை. நான் கடையிலிருந்து வந்து இரண்டு அடாப்டரையும் விளக்கடியில் வைத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். பெட்டியோடு வந்தது 12 வோல்ட். லேப்டாப்போடு வந்தது 19. முனை இரண்டுக்கும் ஒரே உருளை, ஒரே தடிமன். பெட்டியின் பின்புறம் அந்தத் துளைக்குப் பக்கத்தில் ஒரு எழுத்தும் இல்லை, '12 வோல்ட்' என்று அச்சடித்தால் என்ன செலவாகிவிடும்? அவரைக் குறை சொல்லி என்ன பயன், பொருந்தினால் சரியானது என்றுதானே யாருக்கும் தோன்றும். இப்போது வீட்டிலிருக்கும் ஒவ்வொரு அடாப்டரிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, எதனுடையது, எத்தனை வோல்ட் என்று மார்க்கரில் எழுதிவைத்திருக்கிறேன். செத்த பெட்டி கடையில் இருக்கிறது. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் பச்சைத்தாள் கட்டின் மேல் வைக்க நல்ல கனம்.

விற்ற கடைக்கு எடுத்துப் போனேன். 'அடாப்டர் மாற்றினால் வாரன்டி கிடையாது' என்றார்கள், அது நியாயம்தான். ஆனால் அன்றைக்குத்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. வாங்கும்போது "பில் வேணுமா மேடம்? பில் போட்டா பதினெட்டு பர்சன்ட் கூட வரும்" என்று கேட்டு, நானும் வேண்டாம் என்று ஒரு துண்டுச்சீட்டோடு வந்திருந்தேன். அதனால் அடாப்டர் விஷயமே இல்லாவிட்டாலும் என் கையில் ஒன்றும் இல்லை. பெட்டியின் அடியில் இந்தியத் தரநிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) பதிவு எண்ணைத் தேடினேன். கணினிக்கு அது கட்டாயம், இதில் இல்லை. உள்ளே போட்டிருந்த விண்டோஸ், ஏதோ பெரிய நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த உரிமத்தில் ஓடிக்கொண்டிருந்ததாம், சர்வீஸ் தம்பி பார்த்துச் சொன்னான். கடையின் பெயரை எழுதவில்லை. ஊருக்கு ஊர் அப்படி நாலு கடை இருக்கிறது.

அப்புறம்தான் கடைக்கு வேறு வழி பிடித்தேன். பெரிய கம்பெனிகள் அலுவலகங்களுக்கென்றே ஒரு லிட்டர் அளவில் செய்கிற பெட்டிகள் உண்டு. லெனோவோவில் திங்க்சென்டர் டைனி, டெல்லில் முன்பு வந்த ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பியில் எலைட்டெஸ்க் மினி. ஐடி கம்பெனிகளும் வங்கிகளும் மூன்று நாலு வருடத்தில் கழித்துவிடுபவை சென்னை ரிச்சி தெருவில் குவிந்து கிடக்கும். எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டியோடு டைனி இரண்டு எடுத்தேன். ஒன்று 14,000, இந்தத் தடவை பில்லோடு. ஆறு மாத வாரன்டி. பழையது வாங்கலாமா என்று பத்திர எழுத்தர் ஐயா ஒருவர் முகம் சுளித்தார். அவர் ஓட்டுவது இரண்டாம் கை மாருதி. இதில் விண்டோஸ் உரிமம் இயந்திரத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் 11ஐப் போட்டதும் தானாக ஏற்றுக்கொண்டது. அடாப்டர் முனை செவ்வகம். உருளை முனை எதையும் கொண்டுவந்து செருக முடியாது. என் வீட்டுக்காரரிடம் அதைக் காட்டினேன், சிரித்தார்.

ராம் விஷயத்தில் யாரும் 8 போதும் என்று சொன்னால் கேட்காதீர்கள். பதிவுத்துறைப் பக்கம், பட்டா பக்கம், இ-சேவைப் பக்கம், மெயில், கைபேசியிலிருந்து படம் வாங்க வாட்ஸ்அப், அதோடு ஒரு வேர்டு கோப்பு. சாதாரணமாகவே பதினைந்து டேப் திறந்திருக்கும். 8 ஜிபியில் ஒரு டேப்புக்குத் திரும்பினால் அது மறுபடி முதலிலிருந்து ஏறும், அரசுப் பக்கம் 'உங்கள் அமர்வு முடிந்தது' என்று வெளியே தள்ளிவிடும். இந்த வேகக் குறைவைப் பலர் இன்டர்நெட் மேல் போடுகிறார்கள். வாங்கும்போதே 16 போட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் சில மலிவுப் பெட்டிகளில் ராம் போர்டோடு பற்றவைத்தே வரும், என்100 பெட்டிகளில் இருந்தாலும் ஒரே சொருகுமிடம்தான். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்காரர்கள் அள்ளிக்கொண்டு போனதால் 2025 கடைசியில் ராம் விலை வேறு ஏறியது. விலைப்பட்டியலில் ஒரு பெட்டி மட்டும் சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் உள்ளே ராமும் எஸ்எஸ்டியும் இருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் கூடாகவும் விற்கிறார்கள்.

துளைகளை எண்ணாமல் வாங்கியது நான் செய்த இன்னொரு தப்பு. என் மானிட்டர்கள் பழசு, நீல நிற விஜிஏ ஒயர்தான் போகும். சின்னப் பெட்டியில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் என்ற புது வகைத் துளைகள்தான். முதல் நாள் முழுக்க இரண்டு புதுக் கணினியும் வெறும் பெட்டியாக உட்கார்ந்திருந்தன, கன்வெர்ட்டர் தஞ்சாவூரிலிருந்து வரும் வரை. யுஎஸ்பி பின்னால் நாலு, முன்னால் ஒன்று, அதோடு ஒரு டைப்-சி. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், ஸ்கேனர், விரல்ரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், வாடிக்கையாளர் நீட்டும் பென்டிரைவ்: ஏழு. ஒரு யுஎஸ்பி துளையைப் பலவாக்கும் ஹப் வாங்கினேன். நவம்பரில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் நாலு தரம் விரல் வைத்தும் பதியவில்லை. "உழைச்ச கை, ரேகை தேஞ்சிருக்கும்மா" என்று அவரே சமாதானம் சொன்னார். ரேகை சரியாகத்தான் இருந்தது, ஹப்பிலிருந்து கருவிக்குப் போதிய மின்சாரம் வரவில்லை. நேராகக் கணினியில் செருகியதும் முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது. கீபோர்டையும் மவுஸையும் ஹப்புக்குத் தள்ளிவிட்டேன்.

ஆப்பிள் மேக் மினியைப் பற்றிக் கட்டுரையில் பாதி இடம் கொடுத்திருந்தீர்கள். 2005இலேயே வந்துவிட்ட சாமான் அது. 2024இல் எம்4 சிப்போடு ஐந்து அங்குலச் சதுரமாகச் சுருக்கி, 59,900 ரூபாய்க்கு இங்கே கொண்டுவந்தபோது திருவாரூரில் ஒரு கல்யாண வீடியோக்காரர் வாங்கி எடிட்டிங்குக்கு வைத்திருக்கிறார். சத்தமே இல்லை, வேகத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. பவர் பட்டனை மட்டும் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள், யோசித்தவர் யாரோ. ராமைப் பின்னால் கூட்ட வழியில்லை. வீடியோ வேலைக்காரர்கள் வாங்கட்டும். என் கையொப்ப டோக்கனுக்கும் விரல்ரேகைக் கருவிக்கும் ஒத்துவருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு திரிய எனக்கு நேரமில்லை. இந்தச் சின்னப் பெட்டி வகையைப் பரப்பிய இன்டெல்லே 2023இல் தன் 'நக்' கணினிகளைக் கைவிட்டு, ஏசுஸிடம் கொடுத்துவிட்டதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். பெயர் தெரியாத கம்பெனி நாளைக்கு இருக்குமா என்று யோசிக்க அது உதவும்.

மானிட்டருக்குப் பின்னால் மாட்டும் யோசனையையும் செய்து பார்த்தேன். நாலு திருகில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் ஆன் செய்யக் காலையில் மானிட்டரைக் கட்டிப்பிடித்துக் கையைப் பின்னால் விட்டுத் துழாவ வேண்டியிருந்தது, பென்டிரைவுக்கும் அதே கதை. கழற்றிப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். அப்படி வைத்தால் இன்னொரு பயம். பழைய சிபியுவை யாரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, இது ஒரு மஞ்சப்பைக்குள் போகும். பூட்டுக் கம்பி மாட்ட ஒரு சின்னத் துளை வைத்திருக்கிறார்கள். அறுநூறு ரூபாய்க்குக் கம்பி வாங்கி மேசைக் காலோடு கட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் வங்கியில் பேனாவைக் கட்டியதுபோல் இருக்கிறது என்கிறார்கள்.

மூன்றாவது பழைய சிபியுவை இன்னும் தூக்கிப்போடவில்லை. அதில்தான் பழைய பிரிண்டர் போர்ட் இருக்கிறது. எங்கள் பழைய தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கு ஒரு சாவி உண்டு, தீப்பெட்டி அளவு, அந்தப் போர்ட்டில் செருகியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும். யூனிகோடு என்ற பொது எழுத்து முறைக்கு முந்தைய காலத்தில் அடித்த கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, உயில் மாதிரிகள் எல்லாம் அந்த எழுத்துருவில். இருபது வருடச் சரக்கு. இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் அதற்காக மட்டும் ஆன் செய்கிறேன். புதுப் பெட்டி எதிலும் அந்தப் போர்ட் இல்லை. யுஎஸ்பியிலிருந்து மாற்றும் ஒயர் வாங்கிப் பார்த்தேன், பிரிண்டரைக் கண்டுகொள்கிறது, சாவியைக் கண்டுகொள்ளவில்லை. இதற்கு ஒரு வழி உங்கள் கட்டுரையாளருக்குத் தெரிந்தால் அடுத்த வாரம் எழுதச் சொல்லுங்கள். என்னைப் போல் பத்திர அலுவலகத்துக்கு எதிரே கடை போட்டிருக்கும் எல்லோரும் படிப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருத்துறைப்பூண்டி